சுவாசம் எண்ணும் பெண்கள்

அகமத்நகர் சாலை

மகாராஷ்டிர அரசுப் பேருந்துக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் லால் பரி, சிவப்புத் தேவதை. அகமத்நகரில் ஏறினால் (பலகைகளில் இப்போது அகில்யாநகர்) தென்கிழக்கே எழுபது, எண்பது கிலோமீட்டரில் ஜாம்கேட். நான் ஏறிய தேவதையின் ஜன்னல்களில் ஒன்றுகூட முழுசாக மூடவில்லை. வழி நெடுகக் கரிசல் புழுதி மடியில் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்து ஆளுக்குக் கரிசல் புழுதி புதிதில்லை. ஆனால் எங்கள் காடுகளில் சோளம் மாட்டுத் தீவனமாகச் சுருங்கிப் பல காலம் ஆகிறது. இங்கே அது இன்னும் அன்றாடச் சாப்பாடு. மேற்கு மலைகள் மழையைத் தங்கள் பக்கமே இறக்கிவைத்துவிடுவதால் இந்தப் பக்கம் மேகம் வெறுங்கையோடுதான் வருகிறது. சோளத்தைத் தவிர வேறெதை நம்புவது?

தீபாவளி முடிந்த சமயம். எதிரே டிராக்டர்கள் வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் டிரெய்லர்கள்; அவற்றில் தகரப் பெட்டி, கயிற்றுக் கட்டில், அடுப்பு, கோழிக் கூடை, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தைகள். கரும்பு வெட்டப் போகிறவர்கள். பக்கத்து பீட் மாவட்டத்திலிருந்து வருடாவருடம் லட்சக்கணக்கானவர்கள் மேற்கு மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைப் பக்கம் போய், அரைவை முடிந்துதான் ஊர் திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு அரிவாள் என்பது மேஸ்திரியின் கணக்கு. ஒருவர் படுத்துவிட்டால் அன்றைய கூலி போவதோடு அபராதமும் உண்டு. மாதவிடாய் வலியென்று ஒதுங்கினாலும் அதேதான். பீட் மாவட்டத்தில் இப்படி வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டிருந்தது 2019-இல் செய்தியாகி, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெள்ளைப்படுதல், வயிற்று வலி என்று போனவர்களுக்குச் சொல்லப்பட்ட தீர்வு அது. "இதுக்குப் போய் அறுப்பானேன், இன்னொரு இடத்தில் காட்டு" என்று சொல்ல, விஷயம் தெரிந்த ஒரு பெண் பக்கத்து வீட்டில் இல்லை.

அப்படிப்பட்ட பெண்களை உருவாக்குகிற ஊரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் காந்தித் தொப்பிப் பெரியவர், உள்ளங்கையில் புகையிலையையும் சுண்ணாம்பையும் கசக்கியபடி எங்கே என்றார். ஜாம்கேட் என்றேன். "ஆரோளே தவாகானாவா? என்ன வியாதி?" வியாதி ஒன்றுமில்லை, பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வியாதியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டார்.

ஜாம்கேட்

ராஜனிகாந்த் ஆரோளேயும் மேபல் ஆரோளேயும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அமெரிக்காவில் மேற்பயிற்சியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரப் படிப்பும் முடித்து, 1970-இல் இந்த வறண்ட தாலுகாவைத் தேடி வந்து கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1979-இல் இருவருக்கும் சேர்த்து மக்சேசே விருது. மேபல் 1999-இலும் ராஜனிகாந்த் 2011-இலும் காலமானார்கள். இவ்வளவும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். அங்கே போனால்தான் கிடைப்பது அந்த வகுப்பறை.

வகுப்பறை என்பது தரையில் விரித்த ஜமுக்காளம். கிராமங்களிலிருந்து பெண்கள் வாரம் ஒருமுறை வந்து கூடுகிறார்கள். ஒன்பது கஜச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிய பாட்டிகள் சுவரோரம். இளம் பெண்கள் நடுவில். கரும்பலகை இருந்தது, நான் இருந்த நேரத்தில் அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. போன வாரம் உன் ஊரில் என்ன என்று ஒவ்வொருத்தியும் சொல்வதுதான் பாடம். கூட வந்திருந்த நண்பர் மராத்தியை எனக்கு இந்தியில் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு இளம் பெண் எழுந்தாள். மேலத்தெருவில் ஒரு மருமகள், ஏழு மாதம், கால் வீங்கியிருக்கிறது என்றாள். சுவரோரப் பாட்டி ஒருத்தி உடனே பிடித்துக்கொண்டாள். கால் மட்டுமா, முகமும் கையும் வீங்கியிருக்கிறதா? பார்க்கவில்லை. மோதிரம் போட்டிருக்கிறாளா? இல்லை. வளையல்? போட்டிருக்கிறாள். வளையல் ஏறி இறங்குகிறதா, இறுகி நிற்கிறதா? தலைவலி என்றாளா? கண் மங்கல்? ரத்த அழுத்தம் பார்த்தாயா? கடைசிக் கேள்விக்குத்தான் அந்தப் பெண்ணிடம் பதில் இருந்தது. பார்த்திருக்கிறாள், எண்ணைச் சொன்னாள். பாட்டி தலையசைக்கவில்லை. "நாளைக்குக் காலையில் போய் மறுபடியும் பார். வளையலையும் பார். கூடியிருந்தால் அங்கேயிருந்து நேராக இங்கே கூட்டி வா. மாமியார் என்ன சொன்னாலும் நிற்காதே." மகப்பேறு மருத்துவப் பாடநூலில் கர்ப்பகால வலிப்பு நோயின் முன்னறிகுறிகள் என்று வருவது இதுதான். வளையல் மட்டும் அதில் இராது.

அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடுவதே இங்கே வந்த பிறகு பழகியதுதானாம்.

இந்த முறை திட்டமிட்டு வந்ததில்லை என்பதுதான் சுவாரசியம். முதலில் ஆரோளே தம்பதியர் பயிற்சி பெற்ற நர்சுகளைத்தான் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வெளியூர்ப் பெண், படித்தவள், தனியாகத் தங்க வேண்டும். ஊர் அவளை ஏற்கவில்லை. பிறகு உங்கள் ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள் என்று ஊர்க்காரர்களையே கேட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித்துகள். கணவன் துரத்திவிட்டவர்களும் விதவைகளும் இருந்தார்கள். ஊரே வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் கையில் ஊரின் பிள்ளைப்பேறு போய்ச் சேர்ந்தது. பயிற்சிக்கு வந்து இரவு தங்கும்போது சாதி பார்த்து மூலைக்கு மூலை படுத்தவர்களுக்குத் தனித்தனிப் போர்வை கொடுக்காமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய போர்வையைக் கொடுத்த கதையை இங்கே இன்னும் சிரிப்போடு சொல்கிறார்கள். குளிர்கால ராத்திரியில் சாதி எவ்வளவு நேரம் தாங்கும்?

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். 1970-களின் கடும் வறட்சியில் ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்த்தபோது, ஊற்று இருக்கும் புள்ளிகளைத் தலித் குடியிருப்புப் பக்கமே பார்த்துக் குறிக்கச் செய்திருக்கிறார் ராஜனிகாந்த். அடிபம்பு அங்கே வந்தது. மற்ற சாதிக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஆண்களை ஒன்றுகூட்டக் கைப்பந்து ஆட்டம் தொடங்கினார்கள். இதெல்லாம் மருத்துவமா என்று கேட்கலாம். 1971-இல் இந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அந்த எண் இருபதை ஒட்டி இறங்கிவிட்டிருந்தது. வயிற்றுப்போக்குக்கு உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர், பிரசவத்துக்குச் சுத்தமான பிளேடு, தடுப்பூசி, குழந்தைக்குச் சோறு, குடிக்கக் கிணற்று நீர். கேட்டால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும்.

முக்தாபாய் போல் என்ற ஜாம்கேட் சுகாதாரப் பணியாளர் 1988-இல் வாஷிங்டனில் ஒரு பெரிய மாநாட்டு மேடையில் பேசியதை இங்கே எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். மண்டபத்தின் சரவிளக்குகளைக் காட்டி டாக்டர்கள் அவற்றைப் போன்றவர்கள், அழகு, ஆனால் விலை அதிகம், எட்டாது என்றார். பிறகு தன்னிடமிருந்த திரிவிளக்கை ஏற்றி, அதிலிருந்து இன்னொன்றை ஏற்றிக் காட்டினார். சரவிளக்கால் அது முடியாது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதாம்.

மத்தியானச் சாப்பாடு சோள பாக்ரி, கடலைமாவில் செய்த பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்த டேச்சா. பாக்ரியைக் கையாலேயே தட்டி அகலமாக்குகிறார்கள், பூரிக்கட்டை இல்லை. டேச்சாவை நான் மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கியதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ்காரர்கள் காரம் சாப்பிடுவார்கள் என்றல்லவா கேள்விப்பட்டோம் என்றாள் வளையல் பாட்டி. பிறகு அவள் முறை. உங்கள் ஊரில் உங்கள் தெருவுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டாள்.

நான் பெருமையாகவே சொன்னேன். எங்களிடம் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள்.

"வந்து என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?"

"மாத்திரை கொடுப்பார்கள், தாயி."

"அது சரி. என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?"

நண்பர் இரண்டாம் முறையும் அதையே மொழிபெயர்த்தார். நான் பாக்ரியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மருத்துவமனை வளாகத்தில் செயற்கைக் கால் செய்யும் பட்டறையைப் பார்த்தேன். ஜெய்ப்பூர்க் கால். உள்ளூர் ஆட்களே அளவெடுத்து, சூடாக்கி, வளைத்து, மாட்டி, நடக்கவைத்து அனுப்புகிறார்கள். அகல்யாபாய் ஹோல்கர் 1725-இல் பிறந்த சௌண்டி கிராமம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. 1795-இல் மராட்டியர்கள் நிஜாமைத் தோற்கடித்த கர்டாவும் இங்கேதான். சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் பார்க்கப் போகிறார்கள். நல்லது.

சேவாகிராம்

விதர்பாவுக்குள் நுழைந்ததும் பருத்தி. சாலையோரத்து வேலமுட்களிலெல்லாம் வண்டியிலிருந்து சிந்திய பஞ்சு சிக்கியிருந்தது. காந்தி 1936-இல் குடிவந்த குடிசைகளுக்குப் பக்கத்திலேயே 1969-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் கதர் உடுத்துகிறார்கள். சேர்ந்ததும் ஆசிரமத்தில் முகாம், பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கிராமம் தத்து. நான் பேசிய மாணவன் ஒருவன், கிராமத்து வீடுகளில் தேநீர் குடிக்கப் பழகியதுதான் முதல் வருடத்தில் கற்றது என்றான். கிண்டலாகச் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் அது மோசமான கல்வி இல்லை.

அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. காடு இழுத்தது.

கட்சிரோலி

வைன்கங்கை ஆற்றைத் தாண்டியதும் நிறம் மாறிவிடுகிறது. கருப்பு போய்ப் பச்சை. சோளம் போய் நெல். தேக்கும் இலுப்பையும் தெண்டுவும் சாலைவரை வந்து நிற்கின்றன. கட்சிரோலி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் என்னிடம் ரகசியக் குரலில், "இந்த மாவட்டத்தில் சரக்குக் கிடைக்காது, வேண்டுமென்றால் சந்திரபூரிலேயே வாங்கியிருக்க வேண்டும்" என்றார். 1993-இலிருந்து இங்கே மதுவிலக்கு. மேலேயிருந்து வந்ததில்லை, கிராமத்துப் பெண்கள் திரண்டு, வருடக்கணக்கில் போராடி வாங்கியது. இலுப்பைப்பூச் சாராயம் அடுப்படியில் காய்ச்சப்படுவது தனிக் கதை. இருந்தாலும் தெருவுக்குத் தெரு டாஸ்மாக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கடைத்தெருவில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குறைந்தது என்ன என்று பிடிபட நேரமாயிற்று.

டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் 1986-இல் இங்கே வந்தார்கள். நகரத்திலிருந்து தானோரா சாலையில் போனால் அவர்களின் 'சோத்கிராம்'. மருத்துவமனை என்று தேடினால் கண்ணில் படாது. இங்குள்ள கோண்டு பழங்குடியினர் பெரிய கட்டடத்தைக் கண்டு மிரண்டார்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டுக் கட்டியதால் அது குடிசைகளின் கூட்டமாக இருக்கிறது. உறவினர்களும் கூடவே தங்கலாம். பெயரும் அவர்கள் தேர்ந்தெடுத்ததுதான், தந்தேஸ்வரி அம்மன் பெயர். நம்மூரில் மாரியம்மன் பெயரில் அரசு மருத்துவமனை வைக்கலாமா என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும், இரண்டு தரப்பிலும் அடி விழும்.

நான் பார்க்க விரும்பியது ஒரு பொருளை. அது பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆரோக்கியதூதர் (கிராமச் சுகாதாரப் பணியாளர்) ஒருவரின் வீட்டுப் பரணில் இருந்தது. மருமகள் ஏறி எடுத்துக் கொடுத்தாள். ஒரு சிறிய சட்டம். குறுக்கே இரண்டு கம்பிகள். ஒன்றில் ஐந்து மணிகள், இன்னொன்றில் ஆறு. இரண்டிலும் கடைசி மணி மட்டும் சிவப்பு. கூடவே ஒரு நிமிடத்தில் வடியும் மணல் கடிகை.

சளிக் காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தைக்கு நிமோனியாவா, வெறும் சளியா என்று கண்டுபிடிக்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. அதைவிடப் பெரிய, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐம்பது. ஆனால் அன்றைய மருத்துவச்சிகளில் பலருக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் பத்துவரை எண்ணு, ஒரு மணியைத் தள்ளு. மறுபடி பத்து, மறுபடி ஒரு மணி. மணல் வடிந்து முடிவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா, மருந்தைத் தொடங்கு. நகரவில்லையா, சளிதான். எண்ணத் தெரியாதவளிடம் எண்ணக் கற்றுக்கொள் என்று வற்புறுத்தாமல், தெரிந்த பத்தை வைத்தே உயிரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"செய்து காட்டுங்கள் அக்கா" என்றேன். அவர் மடியில் கிடந்த பேரனின் சட்டையைத் தூக்கினார். வயிறு ஏறி இறங்கியது. கடிகையைக் கவிழ்த்தார். உதடு மட்டும் அசைந்தது. கட்டைவிரல் மணியைத் தள்ளியது. நான்காவது மணி பாதி வழியில் நிற்கும்போது மணல் தீர்ந்துவிட்டது. "இவனுக்கு ஒன்றுமில்லை, கள்ளன்" என்றார். மருமகளும் சுகாதாரப் பணியாளர்தான். அவள் கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணுகிறாள். அத்தையின் மணிச்சட்டம் பரணுக்குப் போனது அப்படித்தான்.

பிறந்த குழந்தைகளுக்கான வேலை இதற்குப் பின்னால் வந்தது. இங்கே 39 கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிசுவை எடை போடவும், சூடு குறையாமல் பொதிந்து வைக்கவும், மூச்சுத் திணறினால் முகமூடி வைத்துக் காற்று ஊதவும், கிருமித் தொற்றுக்கு ஊசி போடவும் பழக்கினார்கள். எழுத்தறிவு கொஞ்சமே உள்ள பெண் ஊசி போடுவதா என்று மருத்துவ உலகம் முகம் சுளித்தது. பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் சிசுக்கள் ஆயிரத்துக்கு 62 என்றிருந்தது மூன்றாம் ஆண்டில் 25-ஐ ஒட்டி வந்தது. 1999-இல் லான்செட் இதழ் ஆய்வை வெளியிட்டது. 2011-இல் இந்திய அரசு இதைத் தன் திட்டமாக்கியது. இன்று நாடு முழுக்க ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் பிரசவம் முடிந்த வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் போகிறார்களே, அந்த நடை இந்தக் காட்டுப் பாதையில் தொடங்கியது.

தல்லி ராஜ்ஹரா

மாநில எல்லை தாண்டிச் சத்தீஸ்கர். மண் சிவப்பாகி, பிறகு இன்னும் சிவப்பாகி, கடைசியில் துரு நிறமானது. பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது கொடுத்துத் தேய்ந்த மலைகள். ஊரில் எல்லாவற்றின் மேலும் அந்தத் தூள் படிந்திருக்கிறது, நாயின் முதுகு உட்பட.

இங்கே ஆஸ்பத்திரியைக் கட்டியவர்கள் டாக்டர்கள் இல்லை. சுரங்கத் தொழிலாளர்கள். 1977-இல் சங்கர் குகா நியோகியின் தலைமையில் சங்கம் கட்டியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். பிறகு சங்கத்தின் துணைத்தலைவியாக இருந்த குசும்பாய் பிரசவத்தில், உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று தொழிலாளர்கள் காசு போட்டு, வேலை முடிந்த நேரத்தில் தாங்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய ஷஹீத் மருத்துவமனை 1983 ஜூன் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர்கள் ஒரு முதிய சுரங்கத் தொழிலாளியும் ஒரு முதிய விவசாயியும். முதல் டாக்டர்களில் ஒருவர் வேலூரில் படித்த பினாயக் சென். பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் வந்து கட்டுப் போடவும் ஊசி போடவும் கற்றுக்கொண்டார்கள். தேவையில்லாத டானிக், தேவையில்லாத குளுக்கோஸ் பாட்டில், தேவையில்லாத ஊசி, இவை மூன்றுக்கும் எதிராகச் சங்கம் சிறு புத்தகங்கள் போட்டது. நம்மூரில் ஊசி போடாத டாக்டரிடம் கூட்டம் வராது. இங்கே ஊசி எதற்கு என்று கேட்கத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நியோகி 1991 செப்டம்பரில் பிலாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனை நடக்கிறது.

சுரங்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். கிண்ணத்தில் வந்ததைப் பார்த்ததும் என்னால் நம்ப முடியவில்லை. முதல்நாள் சோறு, நீர், தயிர், பச்சை வெங்காயம், உப்பு. போரே பாசி என்கிறார்கள். நம் பழைய சோறேதான். 2022-இலிருந்து மே தினத்தன்று முதலமைச்சர் தொடங்கி அதிகாரிகள்வரை எல்லோரும் இதைச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்களாம். பெரியவர் அதைச் சொல்லிவிட்டு, "நாங்கள் மற்ற 364 நாளும் சாப்பிடுகிறோம், பேட்டா" என்றார். நீராகாரத்தைத் தூக்கிக் குடித்தேன். ஊரை விட்டு வந்தபின் வயிறு முதல்முறையாக அமைதியானது.

கனியாரி

பிலாஸ்பூரிலிருந்து இருபது கிலோமீட்டர். நீர்ப்பாசனத் துறை கைவிட்ட குடியிருப்பில், எய்ம்ஸில் படித்த டாக்டர்கள் சிலர் சேர்ந்து 'ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்' என்ற பெயரில் தொடங்கிய மருத்துவமனை. அதிகாலையில் போனேன். வாசலில் ராத்திரியே வந்து படுத்தவர்கள் கம்பளியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சானக்மார் காட்டுக் கிராமங்களிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மூலை ஒன்றில் வரட்டி அடுப்பு மூட்டி டீ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எனக்குப் பிடித்தது சோப்பு டப்பா. காட்டுக் கிராமத்தில் ஒருவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தால் மலேரியாவா என்று பார்க்க ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நுண்ணோக்கி கனியாரியில் இருக்கிறது. கிராமத்துச் சுகாதாரப் பெண் விரலைக் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் போட்டு, பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிடுகிறாள். வண்டி இந்த வழியாக வரும்போது அவர் இறக்கிவிட்டுப் போகிறார். திரும்பும் வண்டியில் முடிவு போகிறது. நடத்துநர்கள் டிக்கெட் கேட்பதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் பூக்கூடையும் பால் கேனும் இப்படித்தான் ஓட்டுநரின் பொறுப்பில் நகரம் போகின்றன. ரத்தத்தை அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

சத்தீஸ்கர் தனி மாநிலமானதும் 2002-இல் தொடங்கிய மித்தானின் திட்டம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஊருக்கு ஊர், குடியிருப்புக்குக் குடியிருப்பு சுகாதாரப் பணியாளர்களாக நிறுத்தியது. மூன்றாண்டு கழித்து நாடு முழுக்க வந்த ஆஷா திட்டத்துக்கு அது ஒரு முன்மாதிரி. இத்தனைக்கும் பிறகும் 2020 கணக்கில் சத்தீஸ்கரில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 38. தமிழ்நாட்டில் 13. இந்த இரண்டு எண்களையும் மறைத்துவிட்டு நான் பார்த்ததை மட்டும் புகழ்ந்தால் அது பயணக் கட்டுரை ஆகாது, விளம்பரம். நல்ல சாலையும் மருந்து வாங்கி விநியோகிக்கும் ஒழுங்கும் 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணத்தின் மரபும் நமக்கு அந்த 13-ஐக் கொடுத்திருக்கின்றன. அதைப் பெற்றுத் தந்தவர்களில் பெரும்பங்கு நம் கிராம சுகாதார செவிலியர்களுக்கு உண்டு.

ஆனால் வளையல் பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த எண் போதாது. நம் வீடுகளை இன்று அரித்துக்கொண்டிருப்பது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இவை மாத்திரை கொடுத்து முடித்துவிடும் வியாதிகள் இல்லை. எதைத் தின்பது, காலில் புண் வந்தால் எத்தனை நாள் காத்திருக்கலாம், மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெருவிலேயே தெரிந்த ஒருத்தி வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாக நடக்கிறார்கள். அவர்கள் கையில் கருவியும் மாத்திரைப் பையும் பதிவு செய்யக் கைப்பேசியும் இருக்கின்றன. அவர்களை வாரம் ஒரு நாள் ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, போன வாரம் யார் வீட்டில் என்ன என்று கேட்கும் வகுப்பு ஒன்றையும் சுகாதாரத் துறை சேர்க்க வேண்டும். செலவு ஜமுக்காளமும் டீயும் அன்றைய கூலியும். கூலியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். சேவை என்ற பெயரில் பெண்களின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஊர்களிலும் இருக்கிறது, அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

மராட்டியம்வரை போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதியர் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கி, மலைவாழ் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கி ஒரு மருத்துவமனையை வளர்த்திருக்கிறார்கள். அரூரிலிருந்து பேருந்து உண்டு.